நோட்டீஸ் வரும்வரை காத்திருக்கலாமா?

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது நம் பாட்டன் காலத்துப் பழமொழி. தோட்டத்துப் பாட்டாளிக்கு அந்த எலி வளைகூட இன்னும் சொந்தமாகவில்லை. லயத்து வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போகிறது. பெரட்டுக்குப் போகிற காலம்வரை அது வீடு. வயதாகிவிட்டால், தோட்டம் கைமாறிவிட்டால், அது கம்பெனியின் கட்டடம். நாற்பது வருடம் அடுப்பு எரிந்த வீட்டுக்கு நாமே அந்நியராகிவிடுகிறோம்.

ஈப்போ பட்டணத்தில் இரவு கடைகள் மூடிய பிறகு அஞ்சடிகளில் அட்டையை விரித்துப் படுத்திருப்பவர்களை நம் வாசகர்கள் பார்த்திருப்பார்கள். சீனர் உண்டு, மலாய்க்காரர் உண்டு, நம்மவரும் உண்டு. "குடிகாரன், சோம்பேறி, பிள்ளைகள் விரட்டிவிட்டிருப்பார்கள்" என்று சொல்லிவிட்டு நாம் பஸ் ஏறிப் போய்விடுகிறோம். சிலர் விஷயத்தில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் வீடில்லாமை என்பது அஞ்சடியில் தொடங்குவதில்லை. கிராணி கையில் ஒரு கடிதத்தைக் கொடுத்து, "இன்ன தேதிக்குள்ளே வீட்டைக் காலி பண்ணிடுங்க" என்று சொன்ன அன்றே தொடங்கிவிடுகிறது. பிறகு பட்டணத்தில் வாடகை அறை, வாடகை பாக்கி, உறவினர் வீட்டுத் திண்ணை, மனஸ்தாபம். கடைசியில்தான் அஞ்சடி. கடைசிப் படியைப் பார்த்து முகம் சுளிக்கும் நாம், முதல் படியில் என்ன செய்தோம் என்பதே இன்றைய கேள்வி.

பத்து காஜாவுக்கு அருகில் கெல்லி மாளிகை இருக்கிறது. கிந்தா கெல்லாஸ் ரப்பர் தோட்டத்தின் முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித் தமக்காகக் கட்டத் தொடங்கிய பெரிய வீடு அது. தமிழ்நாட்டிலிருந்து வந்த நம்மவர்களின் உழைப்பும் அந்தச் சுவர்களில் இருக்கிறது. 1926ல் துரை லிஸ்பன் நகரில் இறந்துபோனார். மாளிகை பாதியில் நின்றது. இன்று அது பேராக் மாநிலத்தின் சுற்றுலாத் தலம். டிக்கெட் வாங்கிக்கொண்டு மக்கள் பார்க்கப் போகிறார்கள். பழைய கட்டடத்தைக் காப்பாற்றுவது நல்ல காரியம், குறை சொல்லவில்லை. துரை குடியேறாத வீட்டுக்கு இவ்வளவு பாதுகாப்பு இருக்க, மூன்று தலைமுறை குடியிருந்த எத்தனையோ லயங்கள் சுவடு தெரியாமல் போய்விட்டனவே என்பதுதான் மனத்தை உறுத்துகிறது.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் பிறந்தது. 1950ல் வந்த பிரிக்ஸ் திட்டத்தின்படி, காட்டோரங்களில் புறம்போக்கில் வாழ்ந்த ஏறத்தாழ ஐந்து லட்சம் பேரை அரசாங்கம் புதுக் கிராமங்களில் குடியேற்றியது. அவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். முள்வேலிக்குள் அவர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அதே காலத்தில் தோட்டத் தொழிலாளரையும் ஓரிடத்தில் சேர்த்து லயங்களைச் சுற்றி வேலி போட்டார்கள். வித்தியாசம் எங்கே தெரியுமா? புதுக் கிராமத்தில் குடும்பத்துக்கு ஒரு மனை என்று பிரிந்தது. நாளடைவில் பலருக்குக் குத்தகைப் பட்டா கிடைத்தது. நம் லயமோ தோட்டத்து மண்ணிலேயே நின்றது. அவசரகாலம் 1960ல் முடிந்து வேலிகள் போயின. மண் மட்டும் கம்பெனியிடமே இருந்தது. பொறாமையால் இதைச் சொல்லவில்லை. காலடியில் சொந்த மனை இருந்தவன் வேலை போனாலும் வீட்டில் இருந்தான். நமக்கு வேலை போனதும் வீடும் போயிற்று. அந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே சொல்கிறோம்.

அடுத்து வந்தது தோட்டத் துண்டாடல். வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்றுவிட்டுப் புறப்பட்டபோது பெரிய தோட்டங்கள் துண்டுதுண்டாக விலைபோயின. 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அஜிஸ் ஆராய்ந்து எழுதினார். அந்த நேரத்தில் வெறும் கண்ணீரோடு நின்றுவிடாமல் ஒரு வழி கண்டவர் நம் பேராக் மண்ணில், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன். 1960ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. மாதம் பத்து வெள்ளி என்று தொழிலாளி கட்டிய சந்தாப் பணத்தில் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. பிறகு மேலும் பல தோட்டங்கள் வந்தன. பால் வெட்டுகிறவன் தோட்டம் வாங்க முடியுமா என்று சிரித்தவர்களுக்கு அது பதில். சிறுதுளி பெருவெள்ளமான கதை அது. ஆனால் எல்லாத் தோட்டத்தையும் ஒரு சங்கமே வாங்கிவிட முடியாது அல்லவா?

1973ல் பிரதமர் துன் அப்துல் ரசாக் காலத்திலேயே தோட்டத் தொழிலாளருக்குச் சொந்த வீட்டுத் திட்டம் பேசப்பட்டது. 2011ஆம் ஆண்டு பட்ஜெட்டில் மலிவு வீடு வாங்கத் தோட்டத் தொழிலாளருக்கு 5 கோடி வெள்ளிக் கடன் திட்டம் அறிவிக்கப்பட்டது. பேச்சும் உண்டு, அறிவிப்பும் உண்டு. இதற்கிடையில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பட்டணத்தை ஒட்டிய தோட்டங்களில் செம்பனையும் போய்த் தாமான்கள் வந்தன. நாம் மரம் நட்ட இடத்தில் எழும் வீட்டின் விலையைக் கேட்டால் நமக்குத் தலை சுற்றுகிறது. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதில் அரிசி, பள்ளிச் செலவு, மருந்து எல்லாம் போக, வீட்டுக்கு முன்பணம் எங்கே மிச்சமாகும்?

"வேலை போனா நஷ்டஈடு குடுப்பாங்கதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. 1980ஆம் ஆண்டு விதிகள் அதைச் சொல்கின்றன. ஆட்குறைப்பில் வேலை இழப்பவர் ஐந்து வருடத்துக்கு மேல் உழைத்திருந்தால், வருடத்துக்கு 20 நாள் கூலி. இருபத்தைந்து வருடம் உழைத்தவருக்கு 500 நாள் கூலி. இது நியாயமான பணம். ஒரு காசு விடாமல் வாங்க வேண்டிய பணம். ஆனால் இது வேலைக்கான கணக்கு, வீட்டுக்கான கணக்கு அல்ல. வயது வந்து ஓய்வு பெறுகிறவருக்கோ இந்த விதிப்படி அதுவும் இல்லை. சேமநிதிப் பணம்தான் மிச்சம். அது மகளின் கல்யாணத்துக்கும் வைத்தியத்துக்கும் போய்விட்டால், அறுபது வயதில் மூட்டை முடிச்சோடு எங்கே போவது?

ஆகவே வீட்டைப் பற்றிப் பேச வேண்டிய நேரம் எது என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவுப்படி, 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்ட நிலத்தைத் துண்டாடி விற்கத் தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும். விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்ற, அதே சட்டத்தின் 124ஆவது பிரிவுப்படி மாநில அரசின் ஒப்புதல் வேண்டும். நிலம் மாநில அரசின் அதிகாரத்தில் இருக்கிறது. அதாவது, தோட்டம் தாமானாவதற்கு முன்னால் ஈப்போவில் யாரோ ஒருவர் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும். அந்தக் கையெழுத்துக்கு முன்னே நம் மனு அவர் மேசையில் இருந்தால், "முதலில் இந்தக் குடும்பங்களுக்கு வீடு கட்டு, பிறகு உன் திட்டத்தைத் தொடங்கு" என்று அரசு நிபந்தனை போடலாம். கையெழுத்து விழுந்த பிறகு போய் நின்றால், மேம்பாட்டாளரின் இரக்கத்தைத்தான் நம்பியிருக்க வேண்டும். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும். வந்த பிறகு ஓடத்தான் முடியும்.

ஒற்றுமையாக நின்றால் ஆகுமா என்று சந்தேகப்படுகிறவர்கள் சிலாங்கூரைப் பார்க்கட்டும். பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் சுங்கை திங்கி, மேரி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களைச் சேர்ந்த 245 குடும்பங்கள் இருபது வருடத்துக்கு மேலாக வீடு கேட்டு நின்றன. தலைவர்கள் மாறினார்கள், ஆட்சிகள் மாறின. கோரிக்கையை மட்டும் அவர்கள் மாற்றவில்லை. 2024ல் அவர்களுக்கான வீடமைப்புத் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. நம் பேராக்கிலும் டாக்டர் ஜெயகுமார் தேவராஜ், 2008ல் சுங்கை சிப்புட் நாடாளுமன்ற உறுப்பினர் ஆவதற்கு முன்பிருந்தே, 'அலைகள்' அமைப்பினரோடு சேர்ந்து தோட்ட மக்களிடையே பணியாற்றினார். கட்சி எதுவாகவும் இருக்கட்டும். லயத்து வாசலில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பவரை நாம் மதிக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

கடல் கடந்தும் இதே கதைதான். இலங்கை மலையகத்தில் தேயிலை பறிக்கும் நம் உறவுகள் நூறு வருடத்துக்கு மேலாக லயங்களில்தான் வாழ்ந்தார்கள். அவர்கள் கேட்டது வெறும் வீட்டை அல்ல, வீட்டோடு சேர்ந்த நிலத்தை. அதன் பலனாகக் குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ் நிலம் என்ற கொள்கை வந்தது. இந்திய உதவியுடன் 4,000 தனி வீடுகள் கட்டும் திட்டமும் வந்தது. இன்னும் லயத்தில் இருப்பவர்கள் அங்கே ஏராளம். ஆனாலும் கோரிக்கையின் வடிவத்தை நாம் அவர்களிடம் கற்றுக்கொள்ளலாம். கூரை மட்டும் போதாது, கூரைக்கு அடியில் உள்ள மண்ணும் நம் பெயரில் இருக்க வேண்டும்.

சரி, நாம் இப்போது என்ன செய்யலாம்?

முதலாவது, ஒவ்வொரு லயத்திலும் ஒரு வீட்டுக் குழு வேண்டும். கோயில் கமிட்டி நடத்தத் தெரிந்த நமக்கு வீட்டுக் கமிட்டி நடத்தத் தெரியாதா? ஒரு நோட்டுப் புத்தகத்தில் குடும்பத் தலைவர் பெயர், எத்தனை வருட வேலை, எத்தனை பிள்ளைகள், ஓய்வு பெற்றவர் யார், தனியாக இருக்கும் பாட்டி யார் என்று எழுதுங்கள். பெண்களும் அந்தக் குழுவில் இருக்கட்டும். வீடு போனால் முதலில் தவிப்பவர்கள் அவர்கள்தான்.

இரண்டாவது, காகிதங்கள். அடையாளக் கார்டு, சம்பளச் சீட்டு, சேமநிதிக் கணக்கு, தண்ணீர், மின்சார பில், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். ஒரு நகல் வேறு வீட்டில் இருக்கட்டும். சிவப்புக் கார்டு வைத்திருப்பவர்கள், பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகள் இருந்தால் அந்த வேலையை இன்றே தொடங்குங்கள். குடியுரிமைத் தாள் இல்லாமல் மலிவு வீட்டு மனு நகராது.

மூன்றாவது, அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். "சும்மா ஒரு சைன் போடுங்க" என்று யார் சொன்னாலும், படித்த பிள்ளையிடம் காட்டுங்கள், சங்கத்திடம் காட்டுங்கள். வெளியேற்ற நோட்டீஸ் வந்துவிட்டால் பயந்து அன்றே சாமான் கட்ட வேண்டாம். ஈப்போவில் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் இருக்கிறது, அரசாங்கத்தின் சட்ட உதவி இலாகாவும் இருக்கிறது. தனியாகப் போகாமல் குழுவாகப் போங்கள்.

நான்காவது, ஏற்கெனவே வீதிக்கு வந்துவிட்டவர்கள். 1977ஆம் ஆண்டு ஆதரவற்றோர் சட்டம், பொது இடத்தில் இருப்பிடமும் பிழைப்பும் இல்லாமல் திரிபவரைப் பிடித்து நல இல்லத்தில் சேர்க்க வழி செய்கிறது. நல இல்லம் சிலருக்குத் தேவைதான். ஆனால் உழைக்கத் தெம்புள்ளவனுக்கு வேண்டியது ஓர் அறையும் ஒரு வேலையும். நம் கோயில்கள் அன்னதானம் போடுகின்றன, நல்லது. சாப்பாட்டுத் தட்டை நீட்டும்போதே, "ஐயா, எந்தத் தோட்டம்? ஐ.சி. இருக்கா? சொந்தக்காரங்க யாரு?" என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். தொலைந்த அடையாளக் கார்டை மறுபடி எடுத்துக் கொடுப்பதும், சமூக நல இலாகாவில் முதியோர் உதவிக்கு மனு எழுதுவதும், இரண்டு மாத வாடகைக்கு ஒரு நிதி திரட்டுவதும் திருவிழாவை விடப் பெரிய செலவில்லை. அவசரத்துக்கு 15999 என்ற தாலியான் காசே எண்ணை எல்லோரும் மனத்தில் வைத்திருங்கள்.

பேராக் மாநில அரசுக்கு நம் வேண்டுகோள் ஒன்றே ஒன்றுதான். தோட்ட நிலத்தை மாற்ற எந்த மனு வந்தாலும், அங்கே குடியிருப்பவர்கள் எத்தனை குடும்பம், ஓய்வு பெற்றவர்கள் எத்தனை பேர், அவர்கள் எங்கே போவார்கள் என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். பதில் இல்லாத மனுவுக்குக் கையெழுத்து வேண்டாம். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை; மனம் இருந்தால் போதும்.

"நம்ம தீம்பாருக்கு இப்போ ஒண்ணும் வராது, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொல்லும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் ஒரு வார்த்தை. நேற்று நோட்டீஸ் வாங்கியவர்களும் முந்தாநாள் இதையேதான் சொன்னார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் எடுத்துக்கொண்டு லயத்தின் முதல் வீட்டிலிருந்து தொடங்குங்கள்.