வழி அறிந்தவர் முன் நடக்கட்டும்

ஊர் காணப் புறப்படுவோர் இருவகையினர். வண்டியின் சாளரத்தினூடே ஊரைப் பார்த்துத் திரும்புவோர் ஒருவகையினர். அவ்வூராரின் பின்னே நடந்து, அவர் இட்டதை உண்டு, அவர் சொற்படி ஒழுகி வருவோர் மற்றொரு வகையினர். இவருள் ஊரை உண்மையிற் கண்டவர் யாவர் என்பதை வாசகரே தீர்ப்பாராக.

இவ்விரண்டாம் வகைப் பயணத்தைப் புதுமை என்று இன்று உலகம் போற்றுகிறது. ஆஸ்திரேலியாவின் நடுவேயுள்ள உளுறு என்னும் பெரும்பாறை, அனங்கு என்ற பழங்குடியினருக்குப் புனிதமானது. ‘ஏறாதீர், எம்முடன் சுற்றி வந்து அதன் கதையைக் கேளுங்கள்’ என்று அவர்கள் நெடுங்காலம் வேண்டிவந்தனர். 2019 ஆம் ஆண்டிலேதான் பாறையேற்றம் முற்றாக நிறுத்தப்பட்டது.

நமக்கோ இது புதுமையன்று. இதற்கென ஒரு பழைய பாடசாலை தொண்டைமானாற்றங்கரையிலே இருக்கிறது. அதுவே செல்வச்சந்நிதி முருகன் கோயில். மீன்பிடித் தொழில் செய்த மருதர் கதிர்காமர் என்பவரை முருகன் கதிர்காமத்துக்கு அழைத்துச் சென்று, அங்கு நிகழும் பூசையைக் காட்டி, அவ்வாறே இங்கும் செய்க எனப் பணித்தான் என்பது தலவரலாறு. இன்றும் பூசகர் வாயைத் துணியாற் கட்டி, மந்திரமின்றி மௌனமாகவே பூசை செய்கிறார். கதிர்காமத்திலும் இதுவே வழக்கம்.

கதிர்காமத்துக்குப் பாத யாத்திரை செல்வோர், ஆடித் திருவிழாவுக்கு ஒன்றரை மாதமளவு முன்னரே இச்சந்நிதியிலிருந்து புறப்படுவர். வேல் தாங்கியவர் முன்னே செல்வார். ஏனையோர் பின்னே செல்வர். முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் எனக் கிழக்குக் கரையோரமாகச் செல்லும் அப்பாதை, உகந்தைமலையிலே காட்டுக்குள் நுழைகிறது. அப்பால் யானையும் சிறுத்தையும் கரடியும் வாழும் குமணை, யால வனங்கள். குமுக்கன் ஆறும் நாவலடியும் வியாழையும் தாண்டியே கதிர்காமத்தை அடைதல் வேண்டும்.

அக்காட்டிலே பட்டத்துக்கும் பணத்துக்கும் மதிப்பில்லை. எங்கே நீர் ஊறும், எந்நேரத்தில் நடக்கலாம், எங்கே தங்கலாம் என்பனவற்றை முன்னர் நடந்தவரே அறிவார். அவர் எழுத்தறியாதவராயினும் அங்கே அவரே ஆசிரியர். உத்தியோகத்தரும் உழவரும் ஒருவரையொருவர் ‘சாமி’ என்றே விளிப்பர். உள்நாட்டுப் போரினால் வடக்கிலிருந்து செல்லும் பாதை நெடுங்காலம் தடைப்பட்டிருந்தது. 2009 இல் போர் ஓய்ந்த பின்னர் அடியார்கள் மீண்டும் சந்நிதியிலிருந்து நடக்கலாயினர்.

இந்த யாத்திரை சென்றடையும் தெய்வத்தின் தேவி யார்? வேடர் வளர்த்த வள்ளி. கதிர்காமத்துப் பூசகராகிய கப்புறாளைமாரும் வேடர் வழியினர் என்று சொல்லுவது மரபு. யாத்திரைப் பாதையிலுள்ள வாகரைப் பகுதியிலே தமிழ் பேசும் கரையோர வேடர் இன்றும் வாழ்கின்றனர். வள்ளியைக் கும்பிடும் நாம், வள்ளியின் உறவினரை எவ்வாறு நடத்துகிறோம்?

மகியங்கனைக்கு அண்மையிலுள்ள தம்பானையை நோக்குக. 1983 இல் மதுறு ஓயா தேசிய வனம் அமைக்கப்பட்டபோது, அங்குள்ள வேடர் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடியும் தேனெடுத்தும் வந்த காடு, அவர்களுக்கே தடைசெய்யப்பட்ட நிலமாயிற்று. இன்று உல்லாசப் பயணிகள் அவ்வூருக்குச் செல்கின்றனர். வேடர் வில்லெடுத்துக் காட்டுகின்றனர், ஆடிக் காட்டுகின்றனர், பயணிகள் படம் பிடித்துக்கொண்டு மீள்கின்றனர். காட்டை அறிந்தவரைக் காட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு, அவரது கோலத்தை மாத்திரம் கண்டு மகிழ்வது எவ்வகைக் கல்வி?

வனத்தைக் காத்தல் வேண்டாமென்பார் எவருமிலர். எந்த மரத்தில் எப்பொழுது தேன் கூடும், எந்த வேர் எந்நோய்க்கு மருந்தாகும் என்றறிந்த முதியவரை வழிகாட்டியாக முன்னே நடக்கவிட்டால், காடும் பிழைக்கும். அவருடைய அறிவும் பிழைக்கும். அவ்வறிவு ஏட்டிலில்லை, கால்களிலே இருக்கிறது. நடக்க விடாவிடின் ஒரு தலைமுறையிலே மறைந்துபோம்.

மாணவர்களே, அடுத்த விடுமுறையில் ஓரிடம் காணச் செல்லும்போது, முதலில் அவ்விடத்து முதியவர் ஒருவரைத் தேடுங்கள். அவருக்குரிய கூலியை மனமுவந்து கொடுங்கள். ‘இப்படி நில்லுங்கள், படம் எடுக்கிறோம்’ என்று சொல்லாதீர்கள். ‘ஐயா, முன்னே நடவுங்கள், நாங்கள் பின்னே வருகிறோம்’ என்று சொல்லுங்கள். சந்நிதியிலிருந்து புறப்படும் யாத்திரிகர் கற்கும் முதற்பாடம் அதுவே.