எட்டாம் வகுப்பிலேயே எடுக்க வேண்டிய முடிவு

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்துகொண்டிருந்த வேளையில், நெடுநாள் நண்பர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். “தம்பி, பையன் இண்டர் முடித்துவிட்டான். கம்ப்யூட்டர் பொறியியல்தான் படிப்பேன் என்கிறான். நம் வரும்படிக்குத் தக்க கல்லூரி ஒன்றை விசாரித்துச் சொல்லுங்கள்” என்றார்.

“பையன் ஒன்பதும் பத்தும் எங்கே படித்தான் அண்ணா?” என்று கேட்டேன்.

“மதுரையில், அவன் பாட்டி வீட்டிலிருந்து படித்தான். தமிழ் எழுதப் படிக்க வராமல் போய்விடுமோ என்று அனுப்பினோம். இண்டருக்கு இங்கே அழைத்துக்கொண்டோம்” என்றார்.

அந்த மறுமொழியைக் கேட்டு என் மனம் சோர்ந்தது. கல்லூரிகளின் பெயர்களை ஆராயத் தொடங்கு முன்பே அப்பிள்ளைக்கு ஒரு கதவு முக்கால் பங்கு சாத்தப்பட்டுவிட்டது. அவருக்கு அது தெரியாது. நம்மவருள் பலருக்கும் தெரியாது. ஆகவே இம்மாதம் இப்பகுதியை அதற்கே ஒதுக்குகிறேன்.

தெலங்கானாவில் கன்வீனர் ஒதுக்கீட்டில் நிரப்பப்படும் பொறியியல் இடங்களுள் நூற்றுக்கு 85 உள்ளூர் மாணவர்க்கு உரியவை. உள்ளூர் மாணவர் யார் என்பதைத் தாய்மொழி தீர்மானிப்பதில்லை, பூர்விகமும் தீர்மானிப்பதில்லை. தகுதித் தேர்வு எழுதும் ஆண்டோடு முடிகின்ற தொடர்ந்த நான்கு கல்வியாண்டுகளை இங்கே படித்தவரே உள்ளூர் மாணவர். 1974-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையிலிருந்து வழிவழியாக வரும் விதி இது. ஒன்பது, பத்து, இண்டர் இரண்டாண்டு ஆகிய நான்கையும் ஹைதராபாத்தில் படித்த தமிழ்ப் பிள்ளை இவ்வூர்ப் பிள்ளையே. இடையில் இரண்டாண்டு வெளியூர் சென்றால் அவ்வுரிமை போய்விடுகிறது.

எஞ்சிய 15 இடங்களுக்குப் போட்டி கடுமை. 2025-ஆம் ஆண்டு ஆணையின்படி, உள்ளூர் மாணவரும் அவற்றிற்குப் போட்டியிடலாம். அவர்களோடு, பெற்றோரில் ஒருவர் மொத்தம் பத்தாண்டுகள் இம்மாநிலத்தில் வசித்திருந்தாலும், இங்கே மத்திய அல்லது மாநில அரசுப் பணியில் இருந்தாலும் அவர்தம் பிள்ளைகளும் போட்டியிடலாம். என் நண்பர் பல்லாண்டுகளாக இங்கே குடியிருப்பவர். ஆதலின் இச்சிறு வாயில் அவருக்குத் திறந்தே இருக்கிறது. வசிப்பிடச் சான்றுகளைத் திரட்டும்படி உடனே சொன்னேன்.

இனி, தமிழ்நாட்டின் வழியைப் பார்ப்போம். அங்கே 2007 முதல் பொறியியலுக்கு மாநில நுழைவுத் தேர்வு இல்லை. பன்னிரண்டாம் வகுப்பில் கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200-க்குக் கணக்கிட்டுத் தரவரிசை வகுக்கிறார்கள். வெளிமாநிலத்தில் படித்த தமிழ்நாட்டுப் பூர்விகப் பிள்ளைகள், வருவாய்த் துறை வழங்கும் பிறப்பிடச் சான்றிதழைக் காட்டி விண்ணப்பிக்கலாம். கிண்டியிலுள்ள பழம்பெருங் கல்லூரிக்கும் இதுவே வழி. ஆனால் அச்சான்றிதழைக் கடைசி வாரத்தில் தேடி ஓடினால் கிடைத்துவிடாது. பாட்டனார் ஊரின் பத்திரங்களையும் பெற்றோரின் பள்ளிச் சான்றுகளையும் முன்னாண்டிலேயே எடுத்து வைத்தல் வேண்டும்.

இவ்விரு வழிகளுக்கும் இடையே ஒரு நுட்பமான வேறுபாடு உண்டு. இங்கே தெலங்கானாவில் ‘ஈ.ஏ.பி.செட்’ எனும் நுழைவுத் தேர்வின் மதிப்பெண் ஒன்றே தரவரிசையைத் தீர்மானிக்கிறது. இண்டர் மதிப்பெண் அதில் சேர்வதில்லை. அங்கேயோ பள்ளி இறுதி மதிப்பெண்ணே எல்லாம். ஒரு நாள் தேர்வில் மின்னலாய் விடையளிக்கும் பிள்ளைக்கு இவ்வூர் முறை உகந்தது. நிதானமாக ஆண்டு முழுதும் படிக்கும் பிள்ளைக்கு அவ்வூர் முறை உகந்தது. நம் பிள்ளை எவ்வகை என்பதைப் பெற்றோரே அறிவர்.

ஜே.இ.இ. தேர்வு எழுதுவோர் இன்னொன்றையும் கவனிக்க. தேசியத் தொழில்நுட்பக் கழகங்களில் பாதி இடங்கள் சொந்த மாநிலத்தவர்க்கு உரியவை. அங்கே சொந்த மாநிலம் என்பது பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய மாநிலமே. ஹைதராபாத்தில் இண்டர் தேறிய தமிழ்ப் பிள்ளைக்கு வாரங்கல் சொந்த ஊராகிவிடுகிறது, திருச்சிராப்பள்ளி அயலூராகிவிடுகிறது!

ஊர் முடிவானபின் செலவுக் கணக்குக்கு வருவோம். முதலில் நாட வேண்டியவை அரசாங்கப் பல்கலைக்கழகக் கல்லூரிகள். 1929-ல் தோன்றிய உஸ்மானியா பொறியியல் கல்லூரியும், கூகட்பல்லியிலுள்ள ஜவஹர்லால் நேரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் கல்லூரியும் நகரிலேயே உள்ளன. கணினிப் பிரிவு அங்கே முன்வரிசைத் தரங்களுக்கே கிட்டும். கிட்டாதோர் அதே பல்கலைக்கழகத்தின் ஜகித்யால், மந்தனி, சுல்தான்பூர்க் கல்லூரிகளை இகழ வேண்டா. பட்டம் ஒன்றே. எவ்விடத்தும் சாதாரணப் பிரிவா, சுயநிதிப் பிரிவா என்று கேட்டுத் தெளிக. இரண்டிற்கும் கட்டணம் வேறு.

தனியார் கல்லூரிகளின் கட்டணத்தை அரசாங்கக் குழு ஒன்று வரையறுக்கிறது. 2022-ல் வரையறுத்தபோது ஆண்டுக்கு 45,000 ரூபாயிலிருந்து ஒன்றரை லட்சத்துக்கு மேல்வரை கல்லூரிக்குக் கல்லூரி வேறுபட்டது. அவற்றின் இடங்களில் நூற்றுக்கு 70 கன்வீனர் வழியாகவும், 30 நிர்வாகத்தின் வழியாகவும் நிரம்புகின்றன. நிர்வாக ஒதுக்கீட்டுக்கு நன்கொடை கேட்போர் உண்டு. நன்கொடை வாங்குவது 1983-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதற்காக ஊரிலுள்ள காணியை விற்கும் நம்மவரைக் கண்டு வருந்துகிறேன்.

விளம்பரப் பலகையைக் கண்டு மயங்காதிருக்க மூன்று கேள்விகள் போதும். ஒன்று, கல்லூரிக்கு மட்டுமன்றிக் கணினிப் பிரிவுக்கே என்.பி.ஏ. அங்கீகாரம் உண்டா? இரண்டு, இருபது மாணவர்க்கு ஓர் ஆசிரியர் என்ற விதிப்படி ஆசிரியர்கள் இருக்கிறார்களா? 2024 முதல் ஒரு பிரிவில் இத்தனை இடங்களே என்ற உச்சவரம்பு நீங்கிவிட்டது. கணினி வகுப்புகள் பெருகின. ஆசிரியர்கள் அவ்வளவு பெருகினார்களா என்பதே கேள்வி. மூன்று, வீட்டிலிருந்து போய்வர இயலுமா? விடுதிச் செலவு கல்விக் கட்டணத்தையே விழுங்கிவிடும். பெண்பிள்ளைகளுக்கு 2023 டிசம்பர் முதல் மாநில அரசின் சாதாரணப் பேருந்துகளில் கட்டணமில்லை என்பதையும் கணக்கில் சேர்க்க.

பெண்பிள்ளைகளுக்கு மற்றொரு நற்செய்தி: ‘பிரகதி’ உதவித்தொகை ஆண்டுக்கு 50,000 ரூபாய். குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்கு மேற்படாதிருந்தால் ஒரு வீட்டில் இருவர்வரை விண்ணப்பிக்கலாம்.

பொறியியல் இடம் கிட்டாவிடில் உலகம் அஸ்தமித்துவிடாது. நகரத்துப் பட்டக் கல்லூரிகளில் ‘தோஸ்த்’ முறையின் வழியே கணினி பி.எஸ்ஸி. சேரலாம், செலவு பெரும்பாலும் குறைவு. பத்தாம் வகுப்பு முடித்ததும் பாலிசெட் எழுதி அரசுப் பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு டிப்ளமா பெற்றுப் பின் ஈ.செட் எழுதினால், பொறியியலில் நேரே இரண்டாம் ஆண்டில் இடம் பெறலாம். மூன்றும் மூன்றும் ஆறு. இண்டர் இரண்டும் பொறியியல் நான்கும் ஆறு. ஓராண்டும் வீணில்லை! சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் தொடங்கிய இணையவழித் தரவு அறிவியல் பட்டத்திற்கு ஜே.இ.இ. வேண்டுவதில்லை, வருமானம் குறைந்தோர்க்குக் கட்டணச் சலுகையும் உண்டு.

என் நண்பர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, “அப்படியானால் தமிழுக்காக அனுப்பியது பிழையா?” என்று வினவினார். அவர் குரல் தழுதழுத்தது. பிழையென்று சொல்ல எனக்கு நா எழவில்லை. பத்தாவதோடு படிப்பை நிறுத்திய நான், பிள்ளை தாய்மொழியை இழக்கலாகாது என்று தவித்த ஒரு தந்தையைக் குறை கூறுவதா? “பிழையில்லை அண்ணா, பாதியில் அழைத்துக்கொண்டதுதான் இடர்” என்றேன். அனுப்புவதானால் பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை அங்கேயே படிக்க வைக்க வேண்டும். அனுப்பாவிடில், தமிழை வீட்டிலும், நாலு வீட்டார் கூடி ஞாயிறுதோறும் நடத்தும் வகுப்பிலும் நாமே கற்பிக்க வேண்டும். எட்டாம் வகுப்பில் பிள்ளை வைத்திருக்கும் இல்லங்கள் இந்த வாரமே கணவனும் மனைவியும் அமர்ந்து பேசி இதனை முடிவு செய்க.

நண்பர் மறுநாள் இரவு வண்டியிலேயே பிறப்பிடச் சான்றிதழுக்காகத் தம் ஊருக்குப் புறப்பட்டார். அவர் முயற்சி பலிக்க வேண்டுமென்று நாம் எல்லோரும் வேண்டிக்கொள்வோமாக.