தலைக்கவசத்தில் ஒரு கண்! வாங்கலாமா, வேண்டாமா?

காவிரிப் பாலத்தில் காலை நேரம். திருச்சியிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கும், ஸ்ரீரங்கத்திலிருந்து திருச்சிக்கும் மோட்டார் சைக்கிள்கள் பறக்கின்றன. சில வாலிபர்களின் தலைக்கவசத்தில், தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதுதான் ஹெல்மெட் கேமரா.

"எனக்கும் ஒன்று வாங்கிக் கொடுங்கள், அப்பா!" என்று மகன் கேட்கிறான். தகப்பனார் விழிக்கிறார். என்ன பதில் சொல்வது?

அலையில் பிறந்தது

இந்தக் கேமரா சாலைக்காகப் பிறந்ததல்ல. அமெரிக்கரான நிக் உட்மன், கடல் அலைமீது பலகையில் சறுக்கி விளையாடுகிறவர். அந்த விளையாட்டைப் படம் பிடிக்க ஆசைப்பட்டு, 2002-ல் 'கோப்ரோ' கம்பெனியைத் தொடங்கினார். 2004-ல் வந்த முதல் கேமராவை மணிக்கட்டில் கட்டிக்கொள்ள வேண்டும். பிறகுதான் அது தலைக்கு ஏறியது.

சாட்சியும் சந்தேகமும்

கார்ப் பந்தய வீரர் மைக்கேல் ஷூமாக்கர், 2013 டிசம்பரில் பிரான்ஸ் நாட்டில் பனிச்சறுக்கின்போது விழுந்து, தலையில் படுகாயம் அடைந்தார். அவருடைய தலைக்கவசத்தில் கேமரா இருந்தது. விபத்தை விசாரித்த அதிகாரிகளுக்கு அதில் பதிவான படம் உதவியது. ஆனால், காயத்தை அந்தக் கேமராவே அதிகமாக்கியிருக்குமோ என்ற கேள்வியும் எழுந்தது.

கேள்வியில் நியாயம் உண்டு. தலைக்கவசம் வழவழப்பாக இருப்பது அழகுக்காக மட்டும் அல்ல. கீழே விழுந்தால் அது தரையில் வழுக்கிச் செல்ல வேண்டும். துருத்திக்கொண்டிருக்கும் பொருள் எதிலாவது சிக்கினால், கழுத்து திருகிக்கொள்ளும். இதை எண்ணித்தான் கேரளப் போக்குவரத்துத் துறை 2022-ல், இருசக்கர வண்டி ஓட்டுவோர் தலைக்கவசத்தில் கேமரா பொருத்தக் கூடாது என்று அறிவித்தது.

எதைப் பார்த்து வாங்குவது?

விபத்து நேர்ந்தால் சாட்சி வேண்டும் என்பதற்காகவா கேமரா? அப்படியானால், வண்டியின் கைப்பிடியில் பொருத்துவதே போதும். தலைக்குப் பாரமில்லை, படமும் கிடைக்கும்.

குண்டும் குழியுமான சாலையில் படம் ஆடாமல் இருக்க, ஆட்டத்தைக் குறைக்கும் வசதி வேண்டும். மழையும் தூசியும் புகக் கூடாது. இடம் நிறைந்ததும் பழைய படத்தை அழித்துவிட்டுப் புதியதைப் பதியும் வசதி இருந்தால் நல்லது. மே மாதத் திருச்சி வெயிலில் கேமரா சூடேறித் தானாகவே நின்றுவிடலாம். இதையும் கடைக்காரரிடம் கேளுங்கள்.

பந்தயத் திடல் போன்ற இடங்களில் மார்புப் பட்டையில் மாட்டலாம். எங்கே மாட்டினாலும் ஒன்று நிச்சயம்: ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற தலைக்கவசத்தில் துளை போடவே கூடாது.

வேடிக்கை பார்ப்பவர் யார்?

பெரிய ஆபத்து கேமராவில் இல்லை. பார்ப்பவர்களின் கைதட்டலில் இருக்கிறது. 2023 செப்டம்பரில், யூ-டியூபில் பெயர் பெற்ற டி.டி.எப். வாசன், காஞ்சிபுரம் அருகே நெடுஞ்சாலையில் முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டியபோது விழுந்தார். கை முறிந்தது. கைதும் ஆனார். ஓட்டுநர் உரிமமும் 10 ஆண்டுகளுக்குப் போயிற்று.

அது நடந்து இரண்டே மாதம். தீபாவளி சமயத்தில் திருச்சி அருகே வண்டியில் வாணவெடியைக் கட்டிச் சாகசம் செய்த வீடியோ ஊரெங்கும் பரவியது. போலீசார் கைது செய்தார்கள். எந்தப் படத்தால் புகழ் வரும் என்று நினைத்தார்களோ, அந்தப் படமே சாட்சியாயிற்று!

ஆகவே, மகன் கேமரா கேட்டால் விலையை விசாரிக்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: "யார் பார்ப்பதற்காக, தம்பி?"

கேமரா உடைந்தால் வேறு வாங்கலாம். தலை ஒன்றுதான்.