யாழ்ப்பாணம் எவ்வளவு தூரம்?

சென்னைக்கு மதுரை கிட்டேயா, யாழ்ப்பாணம் கிட்டேயா? சங்க அலுவலகத்தில் பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள். ஒன்பது பேர் மதுரை என்பர். தவறு! வான்வழியில் மதுரை ஏறத்தாழ 420 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையமோ 360 கிலோமீட்டர்கூட இல்லை. சென்னையிலிருந்து நேர் தெற்கே கோடு கிழித்தால் ஏறக்குறைய அங்கேதான் போய் முட்டும்.

பக்கத்து வீடு, தோழர்களே! ஆனால் அந்த வீட்டுக்கு நாம் போன வழி என்ன? 2019 வரையில் யாழ்ப்பாணத்தையும் கடந்து, 640 கிலோமீட்டர் பறந்து கொழும்பில் இறங்க வேண்டும். பிறகு பேருந்தோ ரயிலோ பிடித்து, ஏறத்தாழ 400 கிலோமீட்டர் வடக்கே திரும்ப வேண்டும். ஒன்றேகால் மணி நேரத்தில் முடிய வேண்டிய பயணம் ஒரு முழு நாளை விழுங்கிற்று. மூக்கைத் தொடத் தலையைச் சுற்றினோம்!

வழி தெரியாமலா சுற்றினோம்? 1947 டிசம்பரில் ஏர் சிலோன் விட்ட முதல் விமானமே கொழும்பிலிருந்து காங்கேசன்துறையில் இறங்கித்தான் சென்னைக்கு வந்தது. தனுஷ்கோடித் துறையை 1964 புயல் கொண்டுபோயிற்று. வான்வழியை அடைத்தது புயலா? போர்! பலாலி படைத்தளமாயிற்று. 2019 அக்டோபரில் மறுபடி திறந்தார்கள்; அலையன்ஸ் ஏரின் சிறு விமானம் வந்தது. 2020இல் கொரோனா வந்ததும் நின்றது. கொழும்பு விமானங்கள் பறக்கத் தொடங்கிய பின்னும் பலாலிக்கு 2022 டிசம்பர் வரை விமானம் வரவில்லை. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சேர்ந்துகொண்டது. கிலோமீட்டர் கூடவுமில்லை, குறையவுமில்லை. கூட்டியதும் குறைத்ததும் கொழும்பிலும் டில்லியிலும் போட்ட கையெழுத்துகள்தாம்.

நேரம் மிச்சமானது யாருக்கு என்றும் பார்க்க வேண்டும். விமானக் கட்டணம் கூலிக்காரனுக்கு எட்டாது. அவன் நம்பியிருப்பது நாகப்பட்டினம் - காங்கேசன்துறைக் கப்பலை. 110 கிலோமீட்டர் கடல்வழி. 2023 அக்டோபரில் கொடியசைத்துத் தொடங்கிய அந்தக் கப்பல் சில நாட்களிலேயே நின்று, 2024 ஆகஸ்டில்தான் மீண்டும் ஓடியது.

இன்னொரு கணக்கும் உண்டு. பலாலியைச் சுற்றிய வலிகாமம் வடக்கு மக்கள் 1990இல் வீடு, தோட்டம், கிணறு அத்தனையும் விட்டு வெளியேற்றப்பட்டார்கள். அந்த மண் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. போர் 2009இல் முடிந்த பின் சிறிது சிறிதாகத் திருப்பித் தந்தார்கள். முழுவதும் இன்னும் தரவில்லை. நாம் எழுபத்தைந்து நிமிடத்தில் இறங்கும் இடத்திற்கு அருகே, தன் வேலிக்குள் கால் வைக்க முப்பது ஆண்டுக்கு மேலாகக் காத்திருக்கிறவன் இருக்கிறான். பெரிய விமானம் இறங்க ஓடுபாதையை நீட்டுங்கள், வேண்டாமென்று யார் சொன்னது? அதற்கு முன் அவனுடைய நிலத்தைக் கொடுங்கள். புதிதாக ஒரு காணி தேவையென்றால், பட்டாளத்தை அனுப்பாமல், உரியவனைக் கேட்டு விலை பேசி வாங்குங்கள்.