பெயரை மாத்தினா ஆபத்து போயிடுமா?

தோழர்களே, நிலக்கரிக்கு எதிரா பதாகை பிடிச்சவள் நான். புவிவெப்ப மின்சாரம்னா எனக்கும் சந்தோஷம்தான். ஆனா இந்தோனேசியாவைப் பாருங்க. பழைய சட்டம் அதைச் சுரங்கத் தொழிலாகக் கருதியது. காப்புக் காடுகளுக்குள் நுழைவது சிக்கல். 2014இல் புதுச் சட்டம் அது சுரங்கமே இல்லை என்றது. துளைபோடும் இயந்திரம் அதேதான், கிணற்றிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் அதேதான். காட்டுக் கதவு மட்டும் திறந்தது. 2020 வேலைவாய்ப்பு உருவாக்கச் சட்டமோ, சுற்றுச்சூழல் மதிப்பீட்டில் நேரடியாகப் பாதிக்கப்படுவோர் மட்டும் பேசினால் போதும் என்று சுருக்கியது.

2021 ஜனவரியில் வடக்கு சுமாத்திராவின் சோரிக் மாராப்பியில் வாயு கசிந்து கிராமத்தார் 5 பேர் இறந்தார்கள். சட்டம்தான் கொன்றதுன்னு நான் சொல்லல. கிணற்றுக்கும் வயலுக்கும் எவ்வளவு தூரம்னு யார் கேட்பது? ஃப்ளோரெஸ் தீவின் போச்சோ லேயோக் மக்கள் கேட்கிறார்கள். நம்ம அடுத்த காலநிலைப் பேரணியில் அவங்க ஊர்ப் பெயரும் பதாகையில் வரணும்.