எத்தனை ஆண்டுகளுக்கு எங்களை நோயாளிகளாகவே வைத்திருப்பீர்கள்?

இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், அவ்வாணைக்குழுவைத் தம் பொறுப்பில் வைத்திருக்கும் கௌரவ நிதி அமைச்சர் அவர்களுக்கும்,



2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் காப்புறுதிக் கைத்தொழில் ஒழுங்குபடுத்தல் சட்டம் தங்களிடம் ஒரு பொறுப்பை ஒப்படைத்திருக்கிறது. இந்நாட்டில் காப்புறுதி வணிகம் நேர்மையோடும் தொழில்முறைத் திறனோடும் முன்மதியோடும் நடக்கிறதா என்று பார்ப்பதே அந்தப் பொறுப்பு. யாருக்காகப் பார்க்க வேண்டும் என்பதையும் சட்டமே சொல்லிவிட்டது. காப்புறுதிப் பத்திரம் வைத்திருப்போரின் நலனுக்காக. இனிமேல் பத்திரம் பெறக்கூடியோரின் நலனுக்காகவும். இரண்டாவதாகச் சொல்லப்பட்டவர்களில் ஒருத்தியாக இம்மடலை எழுதுகிறேன். தங்கள் தயவை நாடி வரவில்லை. சட்டம் எங்களுக்காகத் தங்களிடம் கொடுத்து வைத்ததைக் கேட்கவே வந்திருக்கிறேன்.

மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையில், ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். அரச ஊழியத்தில் சேராத தொழில் இது என்பதைத் தாங்கள் அறிவீர்கள். எங்கள் ஊருக்கு வரும் குடும்ப நல மாது, 35 வயதானதும் சுகவனிதையர் கிளினிக்குக்கு வரும்படி என்னை அழைத்தார். பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப் போட்டேன். அவர் விடவில்லை. போனேன். அங்கிருந்த டொக்டர் என் கழுத்தைத் தடவிப் பார்த்து ஒரு சிறு கட்டியைக் கண்டார். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கடிதம் தந்தார். தைரொயிட் புற்றுநோய். சத்திரசிகிச்சை நடந்தது, மகரகமப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய்க் கதிரியக்க அயடின் குடித்துத் தனியறையில் இருந்துவிட்டு வந்தேன். இதற்கெல்லாம் இந்நாட்டு அரசு என்னிடம் ஒரு சதமும் கேட்கவில்லை. அந்த நன்றியை எந்தக் கோபமும் அழிக்காது. இப்போது காலைதோறும் வெறும் வயிற்றில் ஒரு குளிசை விழுங்குகிறேன். ஆண்டுக்கொரு தடவை கிளினிக்கில் காட்டுகிறேன். நோயின் தடயமே இல்லை என்று வைத்தியர்கள் எழுதித் தந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன.

இலங்கைப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் மார்பகத்துக்கு அடுத்த வரிசையில் நிற்பது தைரொயிட். அதில் பெரும்பாலானவை உரிய சிகிச்சையில் குணமாகிவிடுபவை. இதை நான் சொல்லித் தாங்கள் அறிய வேண்டியதில்லை. 1996 முதல் சுகவனிதையர் கிளினிக்குகளை நடத்துவதும், 2017 முதல் ஆறாம் தரத்து மாணவிகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான தடுப்பூசி ஏற்றுவதும் அரசுதான். நேரத்தோடு வந்தால் குணப்படுத்தலாம் என்று ஊர் ஊராகச் சொல்வதும் அதே அரசுதான். நாங்கள் அந்தச் சொல்லை நம்பினோம்.

அடுத்து நடந்ததைச் சொல்கிறேன். கல்வீடு ஒன்று கட்டக் கடன் கேட்டபோது, வழமைபோல, கடன் தீருமுன் நான் இறந்துவிட்டால் மீதியைச் செலுத்தும் ஆயுள் காப்புறுதி ஒன்றும் வேண்டும் என்றார்கள். முன்மொழிவுப் படிவம் வந்தது. உங்களுக்கு எப்போதாவது புற்றுநோய் இருந்ததா என்று அதில் ஒரு கேள்வி. எந்த ஆண்டுக்குப் பிறகு என்றில்லை. எந்த உறுப்பில் என்றில்லை. ஆம் என்று எழுதினேன். டயக்னோசிஸ் காட், கட்டியைப் பரிசோதித்த அறிக்கை, கடைசிக் கிளினிக் குறிப்பு எல்லாவற்றையும் பிரதி எடுத்து இணைத்தேன். மறைக்க எனக்கு எதுவும் இருக்கவில்லை. மறைக்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. சில கிழமைகளில் பதில் வந்தது. தங்கள் முன்மொழிவை ஏற்க முடியாமைக்கு வருந்துகிறோம் என்று ஒரே வாக்கியம். காரணம் இல்லை. இத்தனை ஆண்டு கழித்து மறுபடி விண்ணப்பியுங்கள் என்று இல்லை. கூடுதல் கட்டுப்பணம் கட்டினால் தருகிறோம் என்றும் இல்லை.

நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அந்த ஒரு நிறுவனம் திருந்தினால் தீர்ந்துவிடும் விடயமல்ல இது. படிவத்தை நிரப்ப உதவிய முகவர், நான் சின்ன வயதில் இருந்து அறிந்த பிள்ளை. பதில் வந்த அன்று வீட்டுக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, “டீச்சர், அந்த ஒரு கேள்விக்கு மட்டும் இல்லை எண்டு போட்டிருக்கலாமே” என்றான். என் மேல் உள்ள அன்பினால் சொன்னான். ஆனால் அவன் சொன்னபடி செய்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதைத் தாங்கள் நன்கறிவீர்கள். மாதாமாதம் கட்டுப்பணம் வாங்கியிருப்பார்கள். நான் இறந்த பிறகுதான் கிளினிக் கொப்பியைத் தேடியிருப்பார்கள். அப்போது என் பிள்ளைகளின் கையில் வீட்டுக் கடனும், அம்மா பொய் சொன்னாள் என்ற ஒரு கடிதமும் இருந்திருக்கும். உண்மை சொன்னவளுக்குக் கதவை மூடி, பொய் சொல்பவளிடம் அவள் சாகும்வரை பணம் வாங்கும் ஓர் ஒழுங்கு தங்கள் மேற்பார்வையில் நடக்கிறது. நேர்மையோடு நடக்க வேண்டும் என்று சட்டம் கேட்ட வணிகம் இதுதானா?

என்னைப் பற்றி மட்டும் எழுதினால் இது ஒருத்தியின் மனக்குறையாகிவிடும். அரச ஊழியருக்கு அக்ரஹார காப்புறுதி இருக்கிறது. விதவைகள், அநாதைகள் ஓய்வூதியம் இருக்கிறது. பெரிய கம்பனியில் வேலை செய்பவருக்கு ஒரு குறிப்பிட்ட தொகை வரை தனித்தனி மருத்துவக் கேள்வி இல்லாமலே குழுக் காப்புறுதி கிடைத்துவிடும். இந்த வாவியில் தோணி இறக்குபவருக்கு எது? கொக்கட்டிச்சோலையிலும் வவுணதீவிலும் வயல் செய்பவருக்கு எது? வெற்றிலை போட்டே வளர்ந்த தலைமுறை எங்களுடையது. அது கொண்டுவருகிற வாய்ப் புற்றுநோய்தான் இந்நாட்டு ஆண்களிடையே முதலிடத்தில் இருக்கிறது. நேரத்தோடு கண்டு, வெட்டி எடுத்து, குணமாகி, மறுபடி வலை வீசப் போகிற மனிதர்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் இறந்தால் மனைவிமார் கையில் மிஞ்சுவது கடன். போரும் 2004ஆம் ஆண்டின் சுனாமியும் எத்தனை குடும்பங்களைப் பெண்களின் தோளில் ஏற்றிவிட்டன என்பதும், அப்பெண்களின் நுண்கடன் சுமை எவ்வளவு பெரிதாகி 2018இல் அரசே தலையிட நேர்ந்தது என்பதும் நிதி அமைச்சின் கோப்புகளிலேயே இருக்கும். ஆயுள் காப்புறுதி மிகவும் தேவைப்படுகிற வீடு எதுவோ, அந்த வீட்டு வாசலில்தான் அது கிடைக்காது என்ற பதிலும் வந்து நிற்கிறது.

உச்ச நன்னம்பிக்கை என்ற தத்துவத்தைக் காட்டித்தான் காப்புறுதிக் கம்பனிக்காரர்கள் எங்களிடம் எல்லாவற்றையும் கேட்கிறார்கள். கேட்கட்டும். ஆனால் அந்தத் தத்துவம் எங்கிருந்து வந்தது என்பதையும் நினைவுபடுத்த அனுமதியுங்கள். 1766இல் இலண்டனில் மான்ஸ்ஃபீல்ட் பிரபு தீர்த்த கார்ட்டர் எதிர் போம் வழக்கு அது. சுமாத்திராவில் காப்புறுதி செய்யப்பட்டிருந்த ஒரு கோட்டை பிரெஞ்சுக்காரரிடம் விழுந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை என்று காப்புறுதியாளர் பணம் தர மறுத்தார். நன்னம்பிக்கை இரு தரப்புக்கும் உரிய கடமை என்று சொன்ன மான்ஸ்ஃபீல்ட் பிரபு, காப்புறுதி எடுத்தவரின் பக்கமே தீர்ப்பளித்தார். இன்று அந்தக் கடமையில் எங்கள் பாதி மட்டும் படிவத்தில் இருக்கிறது. காரணம் சொல்லாமல் எழுதப்படும் ஒற்றை வாக்கியத்தில் அவர்களுடைய பாதி எங்கே?

இந்நாட்டின் ஆயுள் காப்புறுதிச் சட்டம் பெரும்பகுதி இரவல். குடியியற் சட்டக் கட்டளைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, வேறு ஏற்பாடு செய்யப்படாத வரை, ஆயுள் காப்புறுதி பற்றிய பிரச்சினைகளில் அதே காலத்தில் இங்கிலாந்தில் எந்தச் சட்டமோ அதுவே இங்கும் என்கிறது. அதே காலத்தில் என்பதைக் கவனியுங்கள். பல ஆண்டுகளாக எங்கள் சாவைக் கணக்கிட்ட அட்டவணையும் இரவல்தான். 1967 முதல் 1970 வரை பிரித்தானியாவில் காப்புறுதி வைத்திருந்தோரின் இறப்புகளைக் கொண்டு செய்தது. ஆனால் இரவல் கொடுத்த நாடு அங்கேயே நின்றுவிடவில்லை. அங்கே 2010இன் சமத்துவச் சட்டப்படி, புற்றுநோய் வந்தவரைக் காப்புறுதியில் வேறுபடுத்த வேண்டுமானால் நம்பத்தகுந்த தகவலும் நியாயமான காரணமும் வேண்டும். 2012இல் சாதாரண நுகர்வோரின் கடமையையே மாற்றி எழுதினார்கள்: கேட்ட கேள்விக்கு நியாயமான கவனத்தோடு உண்மையாகப் பதில் சொன்னால் போதும். பழைய கடமையைக் கொண்டுவந்தவர்கள் இந்தப் புதிய பாதுகாப்பைக் கொண்டுவர மறந்தது ஏன் என்று நிதி அமைச்சர் அவர்களிடம் பணிவோடு கேட்கிறேன்.

காப்புறுதி என்பது பலர் சேர்ந்து போடும் பணம். இடர் கூடியவர் கூடக் கட்ட வேண்டும் என்பது எங்களுக்குப் புரியாததல்ல. சில புற்றுநோய்கள், குறிப்பாகச் சில மார்பகப் புற்றுநோய்கள், பத்தாண்டு கழித்தும் திரும்புவதுண்டு. கீமோ ஏறிக்கொண்டிருக்கும்போதே ஒருவருக்குச் சாதாரண கட்டுப்பணத்தில் பத்திரம் கொடுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. நாங்கள் கேட்பது வேறு. உலகின் பெரிய மறுகாப்புறுதி நிறுவனங்களின் கைநூல்களே எந்தப் புற்றுநோய், எந்தக் கட்டம், சிகிச்சை முடிந்து எத்தனை ஆண்டு என்று பிரித்துப் பார்க்கின்றன. சில ஆண்டு பொறுக்கச் சொல்லி, பிறகு சில ஆண்டு கூடுதல் கட்டணம் வாங்கி, அதன்பின் அதையும் எடுத்துவிடும் முறை காப்புறுதித் துறைக்குப் புதிதல்ல. கடந்த ஆண்டு வெள்ளத்தில் அழுகிய வயலுக்கும் அடுத்த பெரும்போகத்தில் கமநலக் காப்புறுதிச் சபை காப்புறுதி தருகிறது. வயலுக்கு மறுபோகம் உண்டென்றால், அதில் இறங்கி உழுபவனுக்கு ஏன் இல்லை?

பிரான்சில் 2016இல் ஒரு சட்டம் வந்தது. சிகிச்சை முடிந்து பத்தாண்டு நோய் திரும்பாதிருந்தால், கடனுக்கான காப்புறுதி எடுக்கும்போது அந்த நோயைச் சொல்ல வேண்டிய கடமையே இல்லை. 2022இல் அதை ஐந்தாண்டாகக் குறைத்தார்கள். பெல்ஜியம், நெதர்லாந்து, போர்த்துக்கல் நாடுகளிலும் இதே வகைச் சட்டங்கள் வந்தன. 2023இல் ஸ்பெயினும், அதே ஆண்டு டிசம்பரில் இத்தாலியும் சேர்ந்தன. அங்கெல்லாம் காப்புறுதிக் கம்பனிகள் கடையை மூடிவிடவில்லை. அவை பணக்கார நாடுகள் என்று சொல்வீர்களானால், பாக்கு நீரிணைக்கு அப்பால் பாருங்கள். 2024இல் இந்தியாவின் காப்புறுதி ஒழுங்குமுறை ஆணையம், மருத்துவக் காப்புறுதியில், முன்பே இருந்த நோய்களுக்கான காத்திருப்பு மூன்று ஆண்டைத் தாண்டக் கூடாது என்று கட்டளையிட்டது. அது ஆயுள் காப்புறுதி அல்ல. ஆனாலும் ஓர் ஒழுங்குபடுத்துநர் நினைத்தால் ஆண்டுக்கணக்கை எழுதி வைக்கலாம் என்பதற்கு அது போதும்.

இந்நாட்டில் 1962 முதல் ஆயுள் காப்புறுதியை அரசுக் கூட்டுத்தாபனம் மட்டுமே நடத்திய காலம் ஒன்று இருந்தது. பிறகு தனியாருக்குத் திறந்தார்கள். அரசுக் கம்பனியையும் 2003இல் விற்றார்கள். 2009இல் உயர் நீதிமன்றம் அந்த விற்பனையை இரத்துச் செய்து, கம்பனியை மறுபடி அரசிடம் சேர்த்தது. ஆகையால் இது முழுக்கத் தனியார் சந்தை, நாங்கள் என்ன செய்வது என்று எந்த நிதி அமைச்சரும் கைவிரிக்க வழியில்லை. என்னை அழைத்துக் கழுத்தைத் தடவிப் பார்த்ததும் அரசு, குணமாக்கியதும் அரசு, குணமானதை நம்ப மறுப்போரை மேற்பார்வை செய்வதும் அரசு. இந்த மூன்றும் ஒரு முறையாவது தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டாமா? பேசாவிட்டால் அடுத்த முறை குடும்ப நல மாது வரும்போது, கடன் எடுக்கும் எண்ணமுள்ள ஒரு பெண், கிளினிக்குக்குப் போய் ஏதாவது கண்டுபிடித்துவிட்டால் என்ன செய்வது என்று யோசிப்பாள். அப்படி யோசிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் முட்டாள்கள் அல்லர்.

சிகிச்சை முடிந்து இத்தனை ஆண்டு கடந்தபின் புற்றுநோயைப் பற்றிக் கேட்கக் கூடாது என்று ஒரு கணக்கை எழுதுங்கள். தேசியப் புற்றுநோய்க் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் வைத்தியர்களை உட்காரவைத்து எழுதுங்கள். பத்தாண்டென்று தொடங்கினாலும் சரி. அதற்குள் விண்ணப்பிப்பவரை மறுத்தால், காரணத்தையும் மறுபடி எப்போது விண்ணப்பிக்கலாம் என்பதையும் அவருக்கு விளங்கும் மொழியில் எழுதித் தரக் கட்டளையிடுங்கள். மறுப்பை வேறொருவரிடம் முறையிட வழி செய்யுங்கள்.

இவ்வளவு காலமும் பொறுத்தோம். தாங்கள் செய்வீர்கள் என்று நம்பித்தான் பொறுத்தோம். அந்த நம்பிக்கை இப்போது மெலிந்து வருகிறது என்பதைத் தங்களிடம் மறைக்க விரும்பவில்லை. புற்றுநோய் இருந்த காரணத்துக்காக ஒவ்வோர் ஆண்டும் எத்தனை முன்மொழிவுகள் மறுக்கப்படுகின்றன, மறுக்கப்பட்டவர்களில் சிகிச்சை முடிந்து ஐந்தாண்டு கடந்தவர்கள் எத்தனை பேர், கிழக்கு மாகாணத்தில் எத்தனை பேர், இந்தக் கணக்கைத் தாங்கள் கம்பனிகளிடம் கேட்டு வாங்குவதுண்டா என்ற கேள்விகளை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பமாக எழுதி, இம்மடலோடு பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். முடிவைத் தெரிவிக்கச் சட்டம் தங்கள் தகவல் உத்தியோகத்தருக்கு 14 வேலை நாட்களைத் தந்திருக்கிறது. தமிழில் பதில் தாருங்கள்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
படுவான்கரையிலிருந்து முன்பள்ளி ஆசிரியை ஒருத்தி