நோ ஃப்ளை ஸோன்: பெயர் பாஸுக்கு, வேலை ரன்னுக்கு!

ரன்: மைனஸ் 20 யார்டு. பாஸ்: 603 யார்டு.

2015 ஜனவரி 1 அன்று டெக்சாஸில் நடந்த காட்டன் பவுல் ஆட்டத்தில் பேய்லர் பல்கலைக்கழக அணியின் கணக்கு இது. பந்தை வீசியே ஆறு மைதான நீளத்தைக் கடந்த ஓர் அணி, பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது ஒரு யார்டுகூட முன்னேறவில்லை. கூட்டிக் கழித்துப் பார்த்தால் 20 யார்டு பின்னால்தான் போயிருக்கிறது. எதிரே தடுத்து நின்றது மிஷிகன் ஸ்டேட். 42-41 என்று அந்த ஆட்டத்தை ஜெயித்ததும் அதே மிஷிகன் ஸ்டேட்தான்.

இந்த அணியின் பின்வரிசைத் தடுப்பாட்டத்தின் செல்லப்பெயர் ‘நோ ஃப்ளை ஸோன்’. பந்து பறக்கக்கூடாத பகுதி. அப்படிப்பட்ட அணி 603 யார்டு பாஸை விட்டுக்கொடுத்தது எப்படி? பெயரே பொய்யா?

பொய் இல்லை. ஆனால் பாதிதான் உண்மை. பாஸைத் தடுப்பதற்காகப் புகழ்பெற்ற அந்தத் திட்டம், அடிப்படையில் ஓட்டத்தை நிறுத்துவதற்காகக் கட்டப்பட்டது. இதை விட்டுவிட்டுப் பார்த்தால், அந்த அணி ஜெயித்ததும் புரியாது, அடிவாங்கியதும் புரியாது.

ஆளுக்கு எங்கே போவது?

அமெரிக்கன் ஃபுட்பாலில் பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள், அதற்குள் 10 யார்டு போக வேண்டும். போனால் மறுபடி நான்கு. போக இரண்டே வழி: பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு ஓடுவது (ரன்), அல்லது குவார்ட்டர்பேக் அதை முன்னால் வீசுவது (பாஸ்).

தடுக்கிறவர்களுக்கு இங்கேதான் தலைவலி. ஓட்டத்தை நிறுத்த வேண்டுமானால் பந்துக்குப் பக்கத்தில் ஆள் கூட்ட வேண்டும். கூட்டினால் பின்னால் வெட்டவெளி. பின்னால் ஆள் நிறுத்தினால் முன்னால் ஓட்டை. கிரிக்கெட்டில் பேட்ஸ்மேனைச் சுற்றி நான்கு ஃபீல்டர்களை நெருக்கி நிறுத்தும் கேப்டனுக்கு இருக்கிற அதே பிரச்சினை. பவுண்டரிக்கு யார் பதில் சொல்வது?

மார்க் டான்டோனியோ 2007-ல் மிஷிகன் ஸ்டேட் தலைமைப் பயிற்சியாளராக வந்தபோது, தடுப்பாட்டப் பொறுப்பாளராக பாட் நார்டூஸியையும் கூடவே அழைத்துவந்தார். இருவரும் அதற்குமுன் சின்சினாட்டியில் சேர்ந்து வேலை பார்த்தவர்கள். டான்டோனியோ, ஒஹையோ ஸ்டேட் 2002-ல் தேசிய சாம்பியன் ஆனபோது அந்த அணியின் தடுப்பாட்டத்தை நடத்தியவர். இந்த ஜோடி எட்டு சீசன்கள் ஒன்றாக இருந்தது. அவர்கள் கையில் எடுத்தது ‘குவார்ட்டர்ஸ்’ எனும் முறை. பின்னால் நான்கு பேர், மைதானத்தின் அகலத்தில் ஆளுக்குக் கால் பங்கு. இரண்டு ஓரத்திலும் இரண்டு கார்னர்பேக், நடுவில் இரண்டு சேஃப்டி.

கேட்க, ஜாக்கிரதையான ஏற்பாடு மாதிரி இருக்கும். நான்கு பேர் பின்னால் நின்றால் பாதுகாப்புதானே? மற்ற பல அணிகள் அதை அப்படித்தான் ஆடின. இவர்கள் ஆடியது வேறு.

சேஃப்டியின் இரண்டு வேலை

வழக்கமாகக் கடைசிக் காவலாளியாக வெகுதூரம் பின்னால் நிற்கும் சேஃப்டிகளை, இவர்கள் எட்டு, பத்து யார்டு தூரத்துக்கு இழுத்துவந்து நிறுத்தினார்கள். அதுவும் பின்னோக்கி ஓடத் தயாராக அல்ல, பாதம் பதிய, முன்னால் பாயத் தயாராக. பந்து நகர்ந்ததும் சேஃப்டியின் கண் போக வேண்டியது குவார்ட்டர்பேக்கிடம் அல்ல. தன் பக்கத்தில் வெளியிலிருந்து எண்ணினால் இரண்டாவதாக நிற்கும் எதிரணி ஆளிடம். அந்த ஒருவனைப் படித்தால் போதும்.

அவன் நேராக மேலே ஓடி வந்தால், சேஃப்டி அவனைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சட்டென்று ஓரத்துக்குத் திரும்பினால், அவனை லைன்பேக்கரிடம் விட்டுவிட்டு கார்னருக்குத் துணை போகலாம். அவன் ஓடாமல் எதிரே இருப்பவனை முட்டித் தள்ள ஆரம்பித்தால், அது ரன். சேஃப்டி அப்போது யோசிக்கவே கூடாது, பாய வேண்டியதுதான்.

கணக்கு இங்கேதான் மாறுகிறது. முன்வரிசையில் நான்கு பேர், அவர்களுக்குப் பின்னால் மூன்று லைன்பேக்கர், ஆக ஏழு. முன்வரிசைக்காரர்கள் ஆளுக்கொரு இடைவெளியில் நுழைந்து கலைத்துவிடுவார்கள். ஓட்டக்காரர் அந்த இடைவெளி அடைத்திருக்கிறது என்று வெளிப்பக்கம் வளையும்போது, அங்கே இரண்டு சேஃப்டிகளில் ஒருவர் முழு வேகத்தில் வந்துகொண்டிருப்பார். காகிதத்தில் ஏழு பேர் தடுப்பது போல் தெரியும், களத்தில் ஒன்பது பேர். தாக்குபவர்கள் எண்ணித் திட்டம் போட்டது ஏழுக்கு. அந்த எட்டாவது, ஒன்பதாவது ஆளை முட்ட அவர்களிடம் ஆளே இருக்காது.

போதாக்குறைக்கு நார்டூஸி லைன்பேக்கர்களையும் சும்மா நிற்கவிட மாட்டார். நடுவில் பந்தைப் பின்னால் தரும் சென்டரின் இரு பக்க இடைவெளிகளிலும் இரண்டு பேரை ஒரே நேரத்தில் அனுப்புவது அவருக்குப் பிடித்த பழக்கம். 2013 நவம்பர் 2 அன்று பக்கத்து ஊர்ப் பரம எதிரியான மிஷிகன் அணி இதில் மாட்டிக்கொண்டது. 29-6 தோல்வி. ரன் கணக்கு மைனஸ் 48. ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும்: கல்லூரி ஆட்டத்தில், வீச நின்ற குவார்ட்டர்பேக்கைப் பின்னாலேயே வீழ்த்தினால் (சாக்) அந்த நஷ்டமும் ரன் கணக்கில்தான் சேரும். அன்று ஏழு சாக். அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், மிஷிகனுக்குச் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் மிஞ்சவில்லை.

ஓரத்தில் நிற்பவர் கட்டும் வட்டி

ஒன்பது பேர் ஓட்டத்துக்குப் போய்விட்டால் மிச்சம் இரண்டு பேர். இரண்டு ஓரத்திலும் இரண்டு கார்னர்பேக். எதிரணியின் வேகமான ரிசீவர் அவர்கள் எதிரில். பின்னால் துணைக்கு யாரும் வருவார்கள் என்று நம்ப முடியாது.

இந்த நிலையில் யாராக இருந்தாலும் நாலடி தள்ளி நிற்கத்தான் நினைப்பார்கள். மிஷிகன் ஸ்டேட் கார்னர்கள் முகத்துக்கு முகம் ஒட்டி நின்றார்கள். ‘பிரஸ்’ என்று இதற்குப் பெயர். வீம்பு என்று தோன்றும், ஆனால் காரணம் இருக்கிறது. கார்னர் தள்ளி நின்றால் எதிரணி சின்னச் சின்ன பாஸாக நான்கு, ஐந்து யார்டு என்று பிடுங்கிக்கொண்டே போகும். அதை மறிக்க சேஃப்டியை அனுப்பினால் ரன்னுக்கு ஆள் குறையும். ஆகவே கார்னரே அந்தக் கதவை அடைக்க வேண்டும். ரிசீவர் புறப்படுவதே ஒரு நொடி தாமதமானால், அந்த நொடிக்குள் முன்வரிசை குவார்ட்டர்பேக்கை எட்டிவிடும்.

கலை காலில்தான், கையில் அல்ல. முதல் அடியிலேயே பாய்ந்து பிடிக்கப் போனால் ரிசீவர் வழுக்கிப் போய்விடுவார். எதிரே இருப்பவர் எந்தப் பக்கம் அசைகிறாரோ அதற்கேற்பப் பாதத்தை நகர்த்தி, அவர் பக்கம் தேர்ந்தெடுத்த பிறகுதான் நெஞ்சில் கை வைக்க வேண்டும். பிறகு இடுப்போடு இடுப்பாக ஓட்டம். மெல்ல மெல்ல ஓரக் கோட்டை நோக்கி நெருக்க வேண்டும், அந்தக் கோடே இன்னொரு தடுப்பாளர். பந்து எப்போது வருகிறது என்று திரும்பிப் பார்க்கத் தேவையில்லை, ரிசீவரின் கண் விரியும், கை எழும். அப்போது குறுக்கே கையை விட்டால் போதும்.

டார்க்வீஸ் டெனார்ட் இதை 2013-ல் செய்த விதத்துக்குத்தான் நாட்டின் சிறந்த பின்வரிசைத் தடுப்பாளருக்கான ஜிம் தோர்ப் விருது கிடைத்தது. எதிர் ஓரத்தில் ட்ரே வேய்ன்ஸ்.

கல்லூரி விதிகளும் இதற்குத் தோதானவை. தொழில்முறை என்எஃப்எல்லில் ஐந்து யார்டுக்கு அப்பால் ரிசீவரை முட்டினால் தண்டனை. கல்லூரியில் அந்த ஐந்து யார்டு எல்லையே கிடையாது. பாஸைப் பிடிக்கவிடாமல் ரிசீவரை இடைஞ்சல் செய்தால், என்எஃப்எல்லில் குற்றம் நடந்த இடத்திலேயே பந்தை வைப்பார்கள், 40 யார்டு என்றாலும் 40 யார்டு போச்சு. கல்லூரியில் அதிகபட்சம் 15 யார்டு, கூடவே புதிதாக நான்கு வாய்ப்புகள். 15 யார்டு வலிக்கும், ஆனால் கொல்லாது. ஒரு டச்டவுனை விட்டுக்கொடுப்பதற்கு 15 யார்டு எவ்வளவோ மலிவு. டான்டோனியோ அணி இந்தக் கணக்கைத் தெரிந்தேதான் ஆடியது.

வட்டி கட்ட வேண்டிய நாளும் வரும். 2013 செப்டம்பரில் நோட்ரடாம் அணியிடம் 17-13 என்று தோற்ற ஆட்டத்தில், பாஸ் இடைஞ்சலுக்காக நடுவர்களின் மஞ்சள் துணி திரும்பத் திரும்ப விழுந்தது. அந்த சீசனின் ஒரே தோல்வி அது. நடுவர்கள் அநியாயம் செய்தார்கள் என்று ரசிகர்கள் குமுறினார்கள். சில முடிவுகள் விவாதத்துக்குரியவைதான். ஆனால் ஒவ்வொரு பாஸிலும் எல்லைக்கோட்டின் மேல் கால் வைத்து ஆடுகிறவர்கள், நடுவர் அந்தப் பக்கம் பார்த்துவிட்டார் என்று குறைப்படுவதில் நியாயம் குறைவு.

பலித்தபோது

அதன்பிறகு அந்த ஆண்டு அவர்கள் தோற்கவே இல்லை. டிசம்பர் 7 அன்று பிக் டென் இறுதி ஆட்டத்தில் எதிரே ஒஹையோ ஸ்டேட், தொடர்ந்து 24 வெற்றி கண்ட அணி. மிஷிகன் ஸ்டேட் 27-24 என முன்னிலையில் இருந்தபோது, ஒஹையோ ஸ்டேட்டுக்கு நான்காவது வாய்ப்பில் தேவை இரண்டே யார்டு. குவார்ட்டர்பேக் ப்ராக்ஸ்டன் மில்லர் தானே ஓடினார். லைன்பேக்கர் டெனிக்கோஸ் ஆலன் அவரை அங்கேயே நிறுத்தினார். ஆட்டம் 34-24 என்று முடிந்தது.

அடுத்து 2014 ஜனவரி 1, நூறாவது ரோஸ் பவுல். ஸ்டான்ஃபோர்டு தன் முதல் தாக்குதல் தொடரிலேயே டச்டவுன் அடித்தது. அதற்குப் பிறகு ஸ்டான்ஃபோர்டின் தாக்குதல் வரிசை ஒரு டச்டவுன்கூட எடுக்கவில்லை. இரண்டு நிமிடத்துக்கும் குறைவான நேரம் இருக்கையில் நான்காவது வாய்ப்பு, ஒரு யார்டு தேவை. ஸ்டான்ஃபோர்டு கனத்த ஆட்களாகப் பார்த்து நெருக்கி நிறுத்தியது. வழக்கமான நடு லைன்பேக்கர் அணி விதிமீறலுக்காக விலக்கப்பட்டிருந்ததால் அன்று இடம்பிடித்த கைலர் எல்ஸ்வொர்த், கால்பந்து உதவித்தொகைகூட இல்லாமல் அணிக்குள் வந்தவர், ஆட்குவியலுக்கு மேலே எகிறிப் பாய்ந்தார். அந்த ஒரு யார்டு கிடைக்கவில்லை. 24-20.

குட்டு உடைந்தது

2014-ல் மற்ற அணிகள் விடை கண்டுபிடித்தன. சேஃப்டி படிக்கிற அந்த ‘இரண்டாவது ஆள்’ பொய் சொன்னால் என்ன? உள்பக்க ரிசீவர் மேலே ஓடி சட்டென்று நடுவில் வெட்டுவார், சேஃப்டி அவர் மேல் பாய்வார். அதே நேரம் வெளிப்பக்க ரிசீவர் சேஃப்டி விட்டுப்போன இடத்துக்குள் நுழைவார். கார்னரோ வெளிப்பக்கமாக நின்று, உள்ளே துணை இருக்கிறது என்று நம்பி ஆடுபவர். அல்லது ரன் போலவே ஆட்டத்தைத் தொடங்கி, சேஃப்டி ஓடி வந்தபின் அவர் தலைக்கு மேல் பந்தை வீசுவது. கல்லூரி விதிப்படி முன்வரிசைக்காரர்கள் மூன்று யார்டு வரை முன்னேறியபடி இருக்கும்போதும் பாஸ் வீசலாம். என்எஃப்எல்லில் ஒரே யார்டு. ஆகவே கல்லூரியில் ரன்னா பாஸா என்று படிப்பது இன்னும் கஷ்டம்.

ஓரிகன் 46-27 என்று ஜெயித்தது. மிஷிகன் ஸ்டேட் 27-18 என்று முன்னிலையில் இருந்த ஆட்டம் அது. நவம்பரில் ஒஹையோ ஸ்டேட் 49 புள்ளி அடித்தது. குவார்ட்டர்பேக் ஜே.டி. பேரட் வீசியது 300 யார்டு. அந்த சீசனில் மிஷிகன் ஸ்டேட் தோற்றது இந்த இரண்டு பேரிடம் மட்டும்தான், தேசிய இறுதி ஆட்டத்தில் மோதியதும் இதே இரண்டு அணிகள்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பிறகுதான் பேய்லரும் அந்த 603-ம். ‘பிடிவாதம், காலத்துக்கேற்ப மாறவில்லை’ என்று விமர்சனம் வந்தது. அதில் கொஞ்சம் உண்மை உண்டு. வேகமாக அடுத்தடுத்து ஆடும் அணிகளுக்கு எதிராக சேஃப்டிகளை இன்னும் நாலு யார்டு பின்னால் நிறுத்தியிருக்கலாம். ஆனால் நிறுத்தியிருந்தால் அந்த மைனஸ் 20 வந்திருக்காது. ஓடவும் முடிந்து வீசவும் முடிந்த பேய்லரை, நான்காவது கால்பகுதி தொடங்கும்போது 20 புள்ளி பின்தங்கியிருந்த ஓர் அணி எட்டிப்பிடித்திருக்குமா என்பது சந்தேகமே.

தொலைக்காட்சியில் நீளமான பாஸ் ஒன்று பலிக்கும்போது, கேமரா காட்டுவது இரண்டடி பின்தங்கி ஓடும் கார்னரைத்தான். வர்ணனையாளரும் ‘தோற்கடிக்கப்பட்டார்’ என்பார். பல நேரம் பிழை அங்கே இல்லை. ஒன்றரை நொடிக்கு முன்னால், திரைக்கு வெளியே, ரன் என்று நினைத்து இரண்டடி முன்னால் வந்த சேஃப்டியிடம் இருக்கும். அவரும் தவறு செய்தார் என்று சொல்ல முடியாது, பாயச் சொல்லித்தான் நிறுத்தியிருக்கிறார்கள். ரன் நின்ற ஆட்டங்களில் அந்தப் பெயர் லைன்பேக்கர்களுக்குப் போகும்.

டெனார்ட்டை 2014 என்எஃப்எல் டிராஃப்டில் சின்சினாட்டி பெங்கால்ஸ் 24-வது ஆளாக எடுத்தது. அடுத்த ஆண்டு வேய்ன்ஸை மினசோட்டா வைக்கிங்ஸ் 11-வது ஆளாக எடுத்தது. இருவருமே முதல் சுற்று. ரோஸ் பவுல் ஆண்டில் அவர்களுக்கு நடுவில் நின்று இரண்டு வேலையையும் பார்த்த சேஃப்டிகள் ஐசையா லூயிஸ், கர்டிஸ் ட்ரமண்ட். இருவர் பெயரையும் ஏழு சுற்றிலும் யாரும் கூப்பிடவில்லை.